கேப்ஸ் லாக் விளக்கு

ஒன்பது மணிக்குக் கரன்ட் வந்தது.
பன்னிரண்டுக்குப் போய்விடும். போகாமலும் இருக்கலாம்.
மோல்மேனில் இதற்கெல்லாம் யாரும்
சத்தியம் செய்து தருவதில்லை.

பொத்தானை அழுத்தினேன். விசிறி இரைந்தது.
கம்பெனிச் சின்னம் ஒரு நொடி வந்து தலைகாட்டியது.
அப்புறம் கறுப்பு.
அணைந்த கறுப்பில்லை,
பின்னால் விளக்கெரியும் கறுப்பு.
இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும்
இமைத்துக்கொண்டே இருந்தது,
ஏதோ சொல்ல வந்து மறந்தவன் மாதிரி.

நேற்றிரவு அப்டேட் போட்டது நான்தான்.
வேறு யாரைத் திட்ட?

உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு:
கேப்ஸ் லாக்கைத் தட்டு.
விளக்கு எரிந்தால் உள்ளே ஆள் இருக்கிறது.
தட்டினேன். எரிந்தது.
மறுபடி தட்டினேன். அணைந்தது.
சரி, முகம்தான் போயிருக்கிறது.

யாங்கோனில் ஏதோ வங்கி கழித்துப்போட்ட பெட்டி.
பஸ் கூரையில், தார்ப்பாய்க்குள்,
வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் வந்திறங்கியது.
அதன் கிராஃபிக்ஸ் கார்டைச் செய்தவர்கள்
அதை எப்போதோ தலைமுழுகிவிட்டார்கள்.
பழைய டிரைவருக்குப் பழைய கெர்னலோடுதான் பேச்சு.
புதுசு வந்து கதவைத் தட்டினால்
வாயே திறக்காது.

காலையில் சோலைமலை வருவான்.
பாஸ்போர்ட் அளவில் ஆறு படம், வெள்ளைப் பின்னணி,
கப்பல் வேலைக்கு.
ஏஜென்ட் எட்டு மணிக்கு மேல் நிற்க மாட்டானாம்.
வயது இருபத்து மூன்று.
வேறெதுவும் வந்து கூட்டிப்போகும் முன்
கப்பல் கூட்டிப்போக வேண்டும்.
அவன் முகம் இந்தக் கறுப்புக்குப் பின்னால்தான் இருக்கிறது,
காது இரண்டும் தெரிய, சிரிக்காமல்.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்று.
ஒன்றுமில்லை.
அணைத்தேன். ஷிஃப்டை அழுத்திப் பிடித்துப்
பட்டியலை வரவழைத்து,
அந்த நீளமான வரியின் கடைசியில்
ஒரே ஒரு சொல் சேர்த்தேன்: நோமோட்செட்.
அதாவது
அலங்காரம் வேண்டாம், அகலம் வேண்டாம்,
கார்டு இருப்பதையே மறந்துவிடு,
முடிந்ததை மட்டும் காட்டு.

காட்டியது.
எண்ணூறுக்கு அறுநூறு.
எழுத்தெல்லாம் ஊதிப்போய்,
ஓகே பொத்தான் திரைக்குக் கீழே எங்கோ.
என்றாலும் திரை.

பத்தே முக்கால்.
உள்ளே போய்ப் பார்த்தால் வைக்கோல்போர் நாய்க் கதை.
கம்பெனி டிரைவர் குடிவந்த அன்றே
நூவோவை உள்ளே விடாதே என்று
ஒரு கோப்பு எழுதிவைத்திருக்கிறது.
இப்போது தானும் ஓடவில்லை,
அதையும் ஓட விடவில்லை.
நூவோ யார் யாரோ
கூலி கேட்காமல் எழுதிய டிரைவர்.

கோப்பின் முதல் சொல் பிளாக்லிஸ்ட்.
பட்டியலில் பெயர் ஏறினால் என்னவாகும் என்று
இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.
விரல் கொஞ்சம் நின்றது.
பிறகு அழித்தேன்.
ஒரு பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க
எனக்கு அதிகாரம் உள்ள ஒரே இடம் இது.

பழைய டிரைவரை வேரோடு பிடுங்கும் கட்டளை.
துவக்கக் கோப்பைப் புதிதாகக் கட்டும் கட்டளை.
கட்டும்போது கரன்ட் போனால் பெட்டி படுத்துவிடும்.
யூபிஎஸ் பேட்டரி மழைக்காலத்திலேயே செத்தாயிற்று.
திரையைப் பார்க்காமல்
எதிர்க்கடை ஷட்டரின் துருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்று நாற்பது. ரீஸ்டார்ட்.
கறுப்பு.
கறுப்பு.
பிறகு முழு அகலத்துக்கு நீலம்.
விசிறி மட்டும் லாரி மாதிரி இரைகிறது.
நூவோவுக்கு அதை அடக்கத் தெரியாது, இரையட்டும்.

படத்தைத் திறந்தேன்.
சோலைமலை. காகிதத்தில் ஜோ மின்.
ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்,
இதுவரை சண்டை வந்ததில்லை.
சட்டைக் காலர் ஒரு பக்கம் மடிந்திருக்கிறது.
எடுக்கும்போது நான் கவனிக்கவில்லை.

பிரின்டர் ஒவ்வொன்றாகத் துப்பியது.
ஆறாவது பாதி நெற்றி வரை வந்தபோது
கரன்ட் போனது.

பழக்கத்தில் கேப்ஸ் லாக்கைத் தட்டினேன்,
எரியாது என்று தெரிந்தே.
கையில் ஐந்து ஜோ மின்,
இன்னும் ஈரமாக.
ஆறாவதுக்கு விடிந்ததும்
டீக்கடை ஜெனரேட்டரைக் கேட்க வேண்டும்.
பெட்ரோல் காசு
அவன் கணக்கில்தான்.